தலையைப் பார், உணவைச் சொல்: நம் நீர்நிலைகளில் வாழும் ஊன் உண்ணும் ஆமைகள்



ஆமை என்ன தின்னும் என்று வகுப்பில் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "கீரை, ஐயா." இன்னும் சிலர் மீன் கடையில் விற்கும் பச்சை நிற உருண்டைத் தீவனத்தைச் சொல்வார்கள். முயலோடு ஓட்டப்பந்தயம் ஓடிய கதையைக் கேட்டு வளர்ந்ததால், ஆமை என்றாலே மெதுவாக நடக்கும், யாரையும் தொல்லை செய்யாத, புல் மேயும் பிராணி என்று நம் மனத்தில் பதிந்துவிட்டது.

ஆனால், சிம்பாங் அம்பாட்டைச் சுற்றியுள்ள ஆறுகள், நெல் வயல்கள், செம்பனைத் தோட்டக் கால்வாய்கள் போன்ற நீர்நிலைகளுக்கு உரிய ஆமைகளில் வேட்டைக்காரர்களும் உண்டு. நத்தையை ஓட்டோடு நொறுக்கித் தின்னும் ஆமை ஒன்று. சேற்றில் புதைந்திருந்து மீனை ஒரே நொடியில் விழுங்கும் ஆமை இன்னொன்று. அவற்றின் உடலைக் கவனித்தால், அவை எப்படிப் பிழைக்கின்றன என்பதை நாமே ஊகித்துச் சொல்லலாம். அதைச் சொல்லித்தருவதே இந்த வாரப் பாடம். பாடத்தின் முடிவில், நீங்கள் ஒரு முடிவும் எடுக்க வேண்டியிருக்கும்.

ஆமைக்குப் பல் உண்டா?

இன்று வாழும் எந்த ஆமைக்கும் பல் கிடையாது. அதற்குப் பதிலாக, தாடை எலும்பின் மேல் கடினமான உறை ஒன்று இருக்கிறது. அது கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. உங்கள் நகமும் முடியும் அதே பொருளால் ஆனவைதான். கிளியின் அலகும் அப்படித்தான். ஆகவே, ஆமையின் வாயை "அலகு" என்றே சொல்லலாம்.

அலகின் வடிவம் உணவுக்கு ஏற்றபடி மாறும். இலை தின்னும் ஆமைகள் சிலவற்றின் அலகு விளிம்பு ரம்பம்போல் இருக்கும். இறைச்சியைக் கிழிக்கும் ஆமைக்குக் கூர்மையான விளிம்பு வேண்டும். ஓடுள்ள இரையை நொறுக்கும் ஆமைக்கோ அம்மிக்கல்லைப்போல் அகன்ற, தட்டையான தாடைப் பரப்பு வேண்டும். நீடுநிலவலைப் பற்றிப் படித்தபோது, உடல் உறுப்புகள் வாழிடத்துக்கும் உணவுக்கும் பொருந்தி அமைவதைப் பார்த்தோம் அல்லவா? ஆமையின் தலை அதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

பாக்குவெட்டித் தலை

முதலில் நத்தை தின்னி ஆமையைப் பார்ப்போம். இதன் அறிவியல் பெயர் மலயெமிஸ் மேக்ரோசெபாலா. "மேக்ரோ" என்றால் பெரிய. "செபாலா" என்பது தலையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பெருந்தலை ஆமை என்று பெயரிலேயே குறிப்பு இருக்கிறது. பிரிட்டனைச் சேர்ந்த ஜான் எட்வர்ட் கிரே என்னும் விலங்கியலாளர் 1859இல் இந்தப் பெயரைச் சூட்டினார். தாய்லாந்திலும் தீபகற்ப மலேசியாவின் வடபகுதியிலும் இது வாழ்கிறது. ஆழமில்லாத, மெதுவாக ஓடும், செடிகள் அடர்ந்த நீர் இதற்குப் பிடிக்கும். நெல் வயலும் அதன் பாசனக் கால்வாயும் இதற்கு வீடு மாதிரி.

அடையாளம் எளிது. கருமையான தலையில் வெண்மையான அல்லது வெளிர் மஞ்சள் கோடுகள் ஓடும். முதுகு ஓட்டில் தலைப்பக்கம் தொடங்கி வால்பக்கம் வரை மூன்று முகடுகள் நீளவாக்கில் இருக்கும். பெண் ஆமை ஆணைவிடப் பெரியது. அதன் ஓடு 20 செ.மீ. அளவுக்கு வளரும். பெண்ணின் தலையும் உடலுக்கு ஏற்றாற்போல் பெரிதாக இருக்கும். முக்கிய உணவு நத்தையும் சிப்பியும்.

இதற்கு ஏன் இவ்வளவு பெரிய தலை? மூளை பெரிதாக இருப்பதாலா? இல்லை. தாடையை மூடும் தசை தலைக்குள்தான் இருக்கிறது. தசை தடித்தால்தான் கடி வலுக்கும். தடித்த தசைக்கு இடம் வேண்டும். அதற்காகத்தான் தலை பெரிதாக இருக்கிறது.

இங்கே கணிதம் உதவும். தசையின் விசை அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. ஒரு தசையின் அகலமும் தடிமனும் இருமடங்கானால் பரப்பு 2 × 2 = 4 மடங்காகும். விசையும் ஏறக்குறைய 4 மடங்காகும். தலை சற்றே பெரிதானாலும் கடியின் வலு வெகுவாகக் கூடிவிடுகிறது.

அடுத்து நெம்புகோல். பாக்குவெட்டியைப் பார்த்திருப்பீர்கள், இல்லையென்றால் பாட்டியிடம் கேளுங்கள். பினாங்கு என்ற பெயரே பாக்கிலிருந்து வந்ததுதானே! பாக்கை வெட்டியின் நுனியில் வைத்து அழுத்தினால் வெட்டுவது சிரமம். திருகாணி இருக்கும் மூட்டுப்பக்கம் தள்ளி வைத்தால் எளிதாக வெட்டுப்படும். ஆமையின் தாடையும் இப்படி ஒரு மூட்டில் அசைவதுதான்.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். இவை கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள். ஓர் ஆமையின் தாடைத் தசை, மூட்டிலிருந்து 2 செ.மீ. தூரத்தில் 30 நியூட்டன் விசையுடன் இழுக்கிறது. திருப்புத்திறன் 30 × 2 = 60 நியூட்டன் செ.மீ. நத்தை வாயின் நுனியில், மூட்டிலிருந்து 5 செ.மீ. தள்ளி இருந்தால், அதன்மேல் விழும் விசை 60 ÷ 5 = 12 நியூட்டன். அதே நத்தையை 2.5 செ.மீ. தூரத்துக்கு உள்ளே தள்ளினால் 60 ÷ 2.5 = 24 நியூட்டன். தசை ஒன்றுதான், உழைப்பு ஒன்றுதான். இடம் மாறியதால் விசை இருமடங்கானது. கடினமான இரையைத் தாடையின் உட்பக்கம் வைத்து நொறுக்குவது ஏன் என்று இப்போது புரிகிறதா? நீங்கள் கடலை உருண்டையை முன்பல்லால் கடிப்பீர்களா, கடைவாய்ப் பல்லால் கடிப்பீர்களா?

கடலுக்கு அப்பால் ஓர் உறவில்லாத இரட்டை

இங்கிருந்து பசிபிக் பெருங்கடலைத் தாண்டி மெக்சிகோவுக்குப் போவோம். நம் நத்தை தின்னியோடு ஒப்பிட அங்கே ஒரு சிறந்த ஆமை இருக்கிறது: பெரிய கஸ்தூரி ஆமை. மெக்சிகோவின் தென்பகுதியிலும் பெலிஸ், குவாத்தமாலா, ஹோண்டுராஸ் நாடுகளிலும் ஏரிகள், காயல்கள், மெதுவாக ஓடும் ஆறுகளில் வாழ்கிறது. அறிவியல் பெயர் ஸ்டாரோடைபஸ் ட்ரைபோர்கேட்டஸ். 1828இல் வீக்மன் என்னும் ஜெர்மானிய விலங்கியலாளர் இதை முதலில் விவரித்தார்.

கஸ்தூரி ஆமைகளின் ஓட்டு விளிம்பருகே சிறு சுரப்பிகள் உண்டு. யாராவது பிடித்தால் அவை கெட்ட நாற்றமுள்ள திரவத்தைக் கசியவிடும். அதனால்தான் இந்தப் பெயர். கஸ்தூரி என்றதும் நறுமணம் என்று நினைத்துவிடாதீர்கள்! இந்தக் குடும்பத்தில் பல இனங்கள் உள்ளங்கைக்குள் அடங்கும். ஆனால் ஸ்டாரோடைபஸ் பெரியது. ஓடு 40 செ.மீ. அருகே வளரக்கூடும்.

இப்போது ஒற்றுமையைப் பாருங்கள். இதற்கும் மிகப் பெரிய தலை. இதற்கும் முதுகில் மூன்று முகடுகள். "ட்ரைபோர்கேட்டஸ்" என்றால் மூன்று முகடு கொண்டது என்றுதான் பொருள். இதுவும் நத்தை, சிப்பிகளை நொறுக்கித் தின்னும். இன்னும் ஒரு படி மேலே போய், தன்னைவிடச் சிறிய ஆமைகளையும் ஓட்டோடு கடித்துத் தின்னும்! ஆயினும் இரண்டும் வேறு வேறு குடும்பம்; நெருங்கிய உறவில்லை. ஒரே மாதிரி வேலை, உறவில்லாத இரண்டு விலங்குகளின் உடலில் ஒரே மாதிரி வடிவத்தைக் கொண்டுவருவதைக் குவி பரிணாமம் என்பார்கள். சுறாவும் ஓங்கிலும் ஒரே வடிவத்தில் நீந்துவது இதற்கு நீங்கள் முன்பே அறிந்த எடுத்துக்காட்டு.

வேறுபாடும் உண்டு. கஸ்தூரி ஆமையின் வயிற்றுப் பக்க ஓடு மிகவும் சிறுத்து, சிலுவை வடிவில் இருக்கும். "ஸ்டாரோஸ்" என்றால் கிரேக்கத்தில் சிலுவை. ஓடு சிறியது என்றால் காப்பு குறைவு. அந்தக் குறையை அது தன் கடியால் ஈடுகட்டுகிறது.

மற்றொரு வியப்பு: பல ஆமை இனங்களில் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முட்டை அடையும் வெப்பநிலையே தீர்மானிக்கிறது. ஸ்டாரோடைபஸ் ஆமையில் அப்படி இல்லை. நம்மைப்போலவே எக்ஸ், வை குரோமோசோம்கள்தான் அதைத் தீர்மானிக்கின்றன.

சேற்றில் மறையும் லாபி-லாபி

மறுபடியும் நம் ஊருக்கு வருவோம். மலாய் நண்பர்கள் "லாபி-லாபி" என்று சொல்வது மென்னோட்டு ஆமையை. நம் நாட்டு ஆறுகளுக்கு உரியது அமைடா என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. இதன் தலையைப் பாருங்கள்: நத்தை தின்னியின் தலைபோல் பருமனாக இல்லை. மூக்கு ஒரு சிறு குழாய்போல் முன்னே நீண்டிருக்கும். கழுத்து நீளம். உடல் தோசைக்கல்லைப்போல் தட்டை. முதுகில் வழக்கமான செதில் தகடுகள் இல்லை, தோல்தான் மூடியிருக்கிறது. ஓட்டின் ஓரம் குருத்தெலும்பால் ஆனதால் வளைந்து கொடுக்கும். ஒவ்வொரு காலிலும் மூன்று நகங்கள்.

இந்தக் குறிப்புகளை வைத்து என்ன ஊகிக்கலாம்?

தட்டையான உடல் மணலிலும் சேற்றிலும் புதைந்துகொள்ள ஏற்றது. குழாய் மூக்கு, உடலை மறைத்துக்கொண்டு நுனியை மட்டும் நீருக்கு வெளியே நீட்டி மூச்சுவிட உதவும். நீளமான கழுத்து சட்டென்று பாய்ந்து இரையைப் பிடிக்க. ஆக, இது பதுங்கியிருந்து தாக்கும் வேட்டைக்காரன். மீன், இறால், நண்டு, தவளை, நீர்ப்பூச்சி, செத்த விலங்குகளின் உடல் என எல்லாம் இதற்கு உணவு. விழுந்த பழங்களையும் விதைகளையும்கூடத் தின்னும். இரவில்தான் அதிகம் நடமாடும்.

நீருக்குள் வேகமாக வாயைக் கொண்டுபோனால் என்ன ஆகும்? முன்னால் உள்ள நீர் தள்ளப்பட்டு, இரையும் அதோடு விலகிப் போய்விடும். குளியல் வாளியில் மிதக்கும் இலையை விரலால் பிடிக்க முயன்றால் தெரியும். இதற்கு ஆமை கண்ட வழி உறிஞ்சுதல். வாயைத் திறக்கும் அதே கணத்தில் தொண்டை எலும்பைக் கீழே இறக்கும். தொண்டை விரிந்து உள்ளே அழுத்தம் குறையும். நீர் இரையோடு சேர்ந்து வாய்க்குள் பாயும். பிறகு வாயை லேசாக மூடி நீரை மட்டும் வெளியேற்றும்.

தொண்டைக்கு இன்னொரு வேலையும் உண்டு. மென்னோட்டு ஆமையின் தொண்டைச் சுவரில் சிறுகுடலின் விரலிகளைப்போன்ற நுண்ணிய நீட்சிகள் உள்ளன. அவற்றில் இரத்த நாளங்கள் நிறைந்திருக்கும். நீரை உள்ளிழுத்து வெளியே விடும்போது நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் அவற்றின் வழியாக இரத்தத்தில் சேரும். தோல் வழியாகவும் கொஞ்சம் சேரும். அதனால்தான் இது நெடுநேரம் நீருக்கடியில் இருக்க முடிகிறது. அமெரிக்காவின் சிறிய கஸ்தூரி ஆமையின் தொண்டையிலும் நாக்கிலும் இதைப்போன்ற அமைப்பு இருக்கிறது. மறுபடியும் குவி பரிணாமம்!

இதைவிட வியப்பான செய்தி 2012இல் சிங்கப்பூரிலிருந்து வந்தது. நம் அண்டை நாட்டின் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சந்தையில் உணவுக்காக விற்கப்படும் சீன மென்னோட்டு ஆமையை ஆராய்ந்தார்கள். அது யூரியா என்னும் கழிவின் பெரும்பகுதியைச் சிறுநீரில் வெளியேற்றுவதில்லை. தொண்டை வழியாக வாயிலிருந்து வெளியேற்றுகிறது. வறண்ட இடத்தில் வைத்தால், அருகே உள்ள நீரில் தலையை முக்கி வாயைக் கொப்பளித்துக் கழுவுகிறது. சிறுநீர் கழிக்க நிறைய நீர் குடிக்க வேண்டும். உவர்நீரில் வாழும்போது அதைக் குடித்தால் உப்பு உடலில் சேரும். வாயைக் கொப்பளித்தால் அந்தச் சிக்கல் இல்லை.

தமிழகத்தின் குளங்களிலும் வயல்களிலும் வாழும் பாலாமையும் மென்னோட்டு ஆமைதான். உங்கள் தாத்தா பாட்டி ஊரிலிருந்து வந்தவர்களானால் அவர்களுக்கு அது தெரிந்திருக்கலாம்.

பினாங்கு மருத்துவரின் பெயர் தாங்கிய ஆமை

மென்னோட்டு ஆமைகளில் மிகப் பெரியவற்றுள் ஒன்றுக்குப் பினாங்கோடு தொடர்பு இருக்கிறது. தியோடர் கான்டர் என்பவர் டென்மார்க்கைச் சேர்ந்த மருத்துவர். கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றியவர். ராஜநாகத்தை 1836இல் அறிவியல் உலகுக்கு விவரித்தவர் இவர்தான். பினாங்கில் இருந்த காலத்தில் மீனவர்களிடமும் ஊர் மக்களிடமும் கேட்டு விலங்குகளைச் சேகரித்தார். 1847இல் மலாய்த் தீபகற்பத்திலும் தீவுகளிலும் வாழும் ஊர்வனவற்றின் பட்டியலை வெளியிட்டார். 1864இல் கிரே ஒரு பெரிய மென்னோட்டு ஆமைக்கு இவரது பெயரைச் சூட்டினார்: பெலோகெலிஸ் கான்டோரி.

இதன் தலை அகலமாக, தவளைத் தலையைப்போல் இருக்கும். கண்கள் மூக்கு நுனிக்கு அருகே இருக்கும். உடல் முழுவதையும் மணலுக்குள் புதைத்துக்கொண்டு கண்ணையும் மூக்கையும் மட்டும் வெளியே வைத்து, இரை அருகே வரும்வரை அசையாமல் காத்திருக்கும். பெரிய ஆறுகளின் அடிப்பகுதியும் கழிமுகங்களும் இதன் இடம்.

இந்தியாவிலிருந்து தென்கிழக்கு ஆசியா வரை பரவியிருந்த இந்த ஆமை இன்று எங்குமே அரிது. கம்போடியாவின் மேகோங் ஆற்றில் 2007இல் இதை மறுபடியும் கண்டபோது அது உலகச் செய்தியானது. கேரளத்தின் சந்திரகிரி ஆற்றில் இது முட்டையிடும் இடத்தை ஆய்வாளர்கள் கண்டறிந்த செய்தி 2024இல் வெளியானது. அதற்கு வழிகாட்டியது விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லை. ஆற்றோரத்தில் வாழும் மக்கள் பல ஆண்டுகளாகப் பார்த்து வைத்திருந்த விவரங்கள்தாம் உதவின. கான்டர் காலத்திலும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான். ஆற்றை நாள்தோறும் பார்ப்பவர்களின் கண் அறிவியலுக்குத் தேவை. அந்தக் கண் உங்களுக்கும் இருக்கிறது.

செய்து பாருங்கள்: உறிஞ்சும் வாய்

தேவையான பொருள்கள்: ஊசி இல்லாத பெரிய பிளாஸ்டிக் பீய்ச்சுக்குழல், ஒரு கிண்ணம் நீர், கடுகு, சிறிய கரண்டி.

1. நீரில் பத்துக் கடுகைப் போடுங்கள். கரண்டியை வேகமாக முன்னே தள்ளி ஒன்றைப் பிடிக்க முயலுங்கள். கடுகு எந்தப் பக்கம் நகர்கிறது?
2. இப்போது பீய்ச்சுக்குழலின் நுனியைக் கடுகின் அருகே வைத்து, தண்டைச் சட்டென்று இழுங்கள்.
3. தண்டை மெதுவாக இழுத்தும் செய்து பாருங்கள். எந்த முறையில் கடுகு தொலைவிலிருந்தும் உள்ளே வருகிறது?

தண்டை இழுக்கும்போது குழலின் கொள்ளளவு கூடுகிறது, அழுத்தம் குறைகிறது, நீர் உள்ளே பாய்கிறது. ஆமையின் தொண்டை செய்வதும் இதுதான். வேகம் ஏன் முக்கியம் என்பதை மூன்றாவது படி உங்களுக்குச் சொல்லும்.

மெதுவாக வளர்பவை விரைவாக அழியும்

ஊன் உண்ணும் ஆமைகள் நீர்நிலையில் இரண்டு வேலை செய்கின்றன. நத்தை, பூச்சி, சிறு மீன்களின் எண்ணிக்கையை மட்டுப்படுத்துகின்றன. செத்தவற்றைத் தின்று நீரைச் சுத்தமாக வைக்கின்றன. உணவு வலையில் இருந்து இவற்றை எடுத்துவிட்டால் அந்த வேலைகளில் குறை விழும்.

ஆனால் இவற்றின் வாழ்க்கைக் கணக்கு ஆபத்தானது. எளிய எண்களை வைத்துக் கணக்கிடுவோம். ஒரு பெண் ஆமை 8 வயதில் முட்டையிடத் தொடங்கி 30 வயது வரை, ஆண்டுக்கு 10 முட்டை இடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 22 ஆண்டுகளில் 220 முட்டைகள். ஆமைகளின் எண்ணிக்கை கூடாமலும் குறையாமலும் இருக்க, இந்த 220இல் 2 மட்டும் வளர்ந்து பெரிதானால் போதும். தாய்க்கு ஒன்று, தந்தைக்கு ஒன்று. மற்றவை உடும்புக்கும் பாம்புக்கும் பறவைக்கும் மீனுக்கும் இரையாகும். இயற்கை இதற்கு இடம் வைத்திருக்கிறது.

இப்போது ஒருவர் 10 வயதுப் பெண் ஆமை ஒன்றைக் கறிக்காகப் பிடித்துவிடுகிறார். 20 முட்டைகள்தாம் இட்டிருக்கும். மீதி 200 முட்டைகள் இல்லாமலே போய்விட்டன. "ஒன்றுதானே பிடித்தேன்" என்பார் அவர். கணக்கு வேறு மாதிரி சொல்கிறது.

பிடிப்பதைத் தவிர இன்னொரு நெருக்கடியும் உண்டு. நீரில் வாழ்ந்தாலும் ஆமை நிலத்தில்தான் முட்டையிடும். அதற்குக் கரையில் மண்ணோ மணலோ வேண்டும். ஏறிவரச் சரிவும் வேண்டும். வெள்ளத்தைத் தடுக்கக் கால்வாய்களுக்குக் காங்கிரீட் சுவர் கட்டுகிறோம். வீடுகள் பெருகும் ஊரில் அது தேவைதான். ஆனால் இரு பக்கமும் செங்குத்துச் சுவரானால் ஆமையால் ஏற முடியாது, முட்டையிடவும் முடியாது. ஆங்காங்கே மண் கரையையும் சரிவையும் விட்டுவைத்தால் வெள்ள நீரும் ஓடும், ஆமையும் பிழைக்கும். நாளைக்கு உங்களில் யாராவது பொறியியலாளராகும்போது இதை நினைவில் வையுங்கள்.

உலக அளவில் இதை உணர்ந்திருக்கிறார்கள். அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில், அமைடா ஆமையும் நத்தை தின்னி ஆமையும் 2004இல் பேசி முடிவுசெய்து சேர்க்கப்பட்டன. செல்லப்பிராணி வணிகம் பெருகியதால் ஸ்டாரோடைபஸ் போன்ற கஸ்தூரி ஆமைகளும் 2022இல் நடந்த மாநாட்டின் முடிவுப்படி சேர்ந்தன. நம் நாட்டில் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தீபகற்பத்துக்கு உண்டு. பெர்ஹிலித்தான் அதை நடைமுறைப்படுத்துகிறது. மேலும், கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் ஆமைகளும் ஆற்று மீன்பிடிப்பும் மாநிலங்களின் பொறுப்பில் வைக்கப்பட்டுள்ளன. ஆமை என்ற சொல் நம் அரசியலமைப்பிலேயே இருக்கிறது!

கடையில் வாங்கிய ஆமை

இனி, நீங்கள் முடிவெடுக்க வேண்டிய இடம்.

மீன் கடைகளில் கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடுள்ள சிறு பச்சை ஆமைக்குஞ்சைப் பார்த்திருப்பீர்கள். அது செங்காது ஆமை. அதன் சொந்த ஊர் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகை. வாங்கும்போது 50 காசு நாணயத்தைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். சில ஆண்டுகளில் 25 செ.மீ. அளவுக்கு வளர்ந்துவிடும், 30 ஆண்டுகள்கூட வாழும். தொட்டி போதாது, நீர் நாறும், வீட்டில் அம்மா கோபிப்பார். அப்போது பலருக்கும் தோன்றும் யோசனை: "பாவம், ஆற்றில் விட்டுவிடலாம்" அல்லது "கோயில் குளத்தில் விட்டால் புண்ணியம்."

ஆயர் ஈத்தாமில் உள்ள கெக் லோக் சி ஆலயத்தின் ஆமைக் குளத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். உயிரை விடுவிப்பது நல்வினை என்னும் நம்பிக்கை பல சமயங்களில் உண்டு. அந்த நல்லெண்ணத்தை நான் மதிக்கிறேன். ஆனால் இதுவரை படித்ததை வைத்து நீங்களே சொல்லுங்கள்: அந்த உடல் எந்த ஆற்றுக்காக அமைந்தது?

செங்காது ஆமை எல்லாம் தின்னும், பெருகும், வெயில் காயும் இடத்தையும் உணவையும் நம் ஆமைகளிடமிருந்து பறித்துக்கொள்ளும், புதிய நோய்களையும் கொண்டுவரக்கூடும். உலகின் மிக மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இதன் பெயரும் உண்டு. நம் வயல்களில் இளஞ்சிவப்பு முட்டைக் கொத்து வைக்கும் சிப்புட் கொண்டாங் நத்தையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அதுவும் தென் அமெரிக்காவிலிருந்து மனிதர் கொண்டுவந்ததுதான். அது நெற்பயிருக்கு என்ன செய்தது என்று விவசாயிகளைக் கேளுங்கள்.

விடுவிக்கப்பட்ட ஆமைக்கும் நன்மை உறுதியில்லை. பழகாத ஆற்றில் அது பட்டினி கிடக்கலாம். நெரிசலான குளத்தில் சண்டையும் நோயும் வரலாம். விடுவிப்பதற்கென்றே வாங்குபவர் இருந்தால், விற்பதற்கென்றே பிடிப்பவரும் இருப்பார்.

உடல்நலம் பற்றியும் ஒரு சொல். சிறு ஆமைகளின் தோலிலும் ஓட்டிலும் சால்மனெல்லா பாக்டீரியா இருக்கலாம். குழந்தைகள் அதனால் நோயுற்றதால்தான் அமெரிக்காவில் 1975 முதல் 4 அங்குலத்துக்கும் குறைவான ஓடுள்ள ஆமைகளைச் செல்லப்பிராணியாக விற்கத் தடை இருக்கிறது. ஆமையைத் தொட்டால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள்.

ஆகவே, வாங்காமல் இருப்பதே நல்லது. ஏற்கெனவே வீட்டில் இருந்தால் பெரிய தொட்டியில் வைத்துக் கடைசிவரை வளருங்கள். முடியாவிட்டால் வளர்க்கக்கூடியவரிடம் கொடுங்கள். ஆற்றிலும் லொங்காங்கிலும் குளத்திலும் விடாதீர்கள்.

காட்டு ஆமையைக் கண்டால்

- தொலைவிலிருந்து பாருங்கள். லாபி-லாபியின் கழுத்து நீங்கள் நினைப்பதைவிட நீளம். ஓட்டின் ஓரத்தைப் பிடித்தாலும் திரும்பிக் கடிக்கும். வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள், முதுகெலும்பு பாதிக்கப்படும்.
- தலை, முதுகு, காலடி தெரியும்படி படம் எடுங்கள். நாள், நேரம், இடம், நீரின் நிலை ஆகியவற்றை நோட்டில் எழுதுங்கள்.
- சாலையைக் கடந்துகொண்டிருந்தால், பெரியவர் ஒருவர் துணையோடு, அது போகும் திசையிலேயே போகவிடுங்கள். வேறு ஊருக்குக் கொண்டுபோக வேண்டாம்.
- காயம்பட்டிருந்தால், அல்லது யாரேனும் பிடித்து விற்றால், ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ சொல்லி பெர்ஹிலித்தானுக்குத் தெரிவியுங்கள்.
- அரிய ஆமையாக இருந்தால், இடத்தைச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள். பிடிப்பவர்களும் அதைப் படிக்கிறார்கள்.

சிந்தியுங்கள்

1. ஓர் ஆமையின் தலை மிகப் பெரியது, தாடைப் பரப்பு அகலமானது, நீந்துவதில் மெதுவானது. அது மீன் பிடித்துத் தின்னுமா, நத்தை தின்னுமா? காரணம் கூறு.
2. தாடைத் தசை மூட்டிலிருந்து 3 செ.மீ. தூரத்தில் 40 நியூட்டன் விசையுடன் இழுக்கிறது. இரை 6 செ.மீ. தூரத்தில் இருந்தால் அதன்மேல் விழும் விசை எவ்வளவு? 4 செ.மீ. தூரத்தில் இருந்தால் எவ்வளவு?
3. நெல் வயலில் நத்தைகளைக் கொல்ல நஞ்சு தெளிக்கிறார்கள். நத்தை தின்னி ஆமைக்கு அது எந்த இரண்டு வழிகளில் பாதிப்பாகும்?
4. உன் வீட்டருகே உள்ள கால்வாயை 100 மீட்டர் தூரம் நடந்து பார். மண் கரை எத்தனை மீட்டர்? காங்கிரீட் சுவர் எத்தனை மீட்டர்? ஓர் ஆமை எங்கே ஏற முடியும்?

இரண்டாம் கேள்விக்கு விடை: 20 நியூட்டன், 30 நியூட்டன். நான்காம் கேள்விக்கான விடை புத்தகத்தில் இல்லை. பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, நோட்டும் அளவு நாடாவும் எடுத்துப் போய்ப் பாருங்கள். வரைபடம் வரைந்து வகுப்பில் மாட்டுங்கள்.